செல்லுக்குள் செல்: கூட்டுவாழ்வும் பரிணாமமும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கை விஞ்ஞானத்தைப் பற்றி நமது வகுப்புகளில் பேச நேரும்போது பெரும்பாலும் இயற்பியலிலிருந்தே தொடங்குகிறோம். நீர் கொதித்து ஆவியாகும் எடுத்துக்காட்டைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். சொல்லிச் சொல்லி எங்களுக்கும் சலித்துவிட்டது. இன்று உயிரியலுக்குப் போவோம். ஒரே ஒரு செல்லால் ஆன உயிரினங்கள், அவற்றின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் இன்னும் சிறிய உயிரினங்கள், இவை ஒன்றையொன்று மாற்றியமைத்துக்கொண்டு வந்திருக்கும் நெடிய வரலாறு ஆகியவையே இன்றைய பொருள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சமத்துவம் என்று நாம் பேசத் தொடங்கினாலே எதிர்த்தரப்பிலிருந்து ஒரு வாதம் வருகிறது: போட்டிதான் இயற்கையின் விதி, வலியது வாழும், நலிந்தது வீழும், இதை மாற்ற நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். அதற்கு நமது தோழர்கள் சிலர் அவசரமாக ஒரு மறுமொழி சொல்கிறார்கள்: இல்லை, ஒத்துழைப்பே இயற்கையின் விதி, செல்களே கூடி வாழ்கின்றன, ஆகவே இயற்கை நமது பக்கம் என்கிறார்கள். முதல் வாதம் தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை. இரண்டாவது வாதமும் சரியில்லை என்பதே என் கருத்து. ஏன் என்பதை உண்மைகளைக் கொண்டே பார்ப்போம்.

1966ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஓர் ஆய்வகம். கொரியாவிலிருந்து அங்கு சென்று பணியாற்றிய குவாங் ஜியோன் என்ற விஞ்ஞானி கண்ணாடிக் கிண்ணங்களில் அமீபாக்களை வளர்த்துவந்தார். ஒரு நாள் அவற்றில் ஒரு தொகுதி நோயுற்றது. நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒவ்வோர் அமீபாவுக்குள்ளும் கோல் வடிவ பாக்டீரியாக்கள் பல்லாயிரக்கணக்கில் மொய்த்திருந்தன; சிலவற்றில் ஒன்றரை லட்சம் வரை இருந்தன. அமீபாக்கள் மெலிந்தன, மெதுவாகவே பிளந்தன, பெரும்பாலானவை மடிந்தன. வேறொருவராயிருந்தால் கிண்ணங்களைக் கழுவி வைத்துவிட்டுப் புதிய தொகுதியைத் தொடங்கியிருப்பார். ஜியோன் தப்பிப் பிழைத்த சிலவற்றைத் தனியே எடுத்து வளர்த்தார்.

சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. பாக்டீரியாக்கள் வெளியேறிவிடவில்லை, ஓர் அமீபாவுக்குச் சுமார் 40,000 என்ற அளவில் உள்ளேயே தங்கின. ஆனால் அமீபாக்கள் இப்போது நலமாக வளர்ந்தன. நோய் தணிந்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஜியோன் அடுத்து ஒரு சோதனை செய்தார். பாக்டீரியா குடியேறிய அமீபாவின் உட்கருவை எடுத்து, பாக்டீரியாவே இல்லாத, உட்கரு நீக்கப்பட்ட ஓர் அமீபாவுக்குள் வைத்தார். அது மடிந்தது. அதே அமீபாவுக்குள் பாக்டீரியாக்களையும் சேர்த்துச் செலுத்தியபோது அது பிழைத்தது. ஏறத்தாழ 200 தலைமுறைகளுக்குள், கொல்ல வந்த கிருமி இல்லாமல் வாழவே முடியாது என்ற நிலையை அமீபா எட்டியிருந்தது. எப்படி என்பது பின்னர் தெரியவந்தது. உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத ஒரு நொதியைத் தானே தயாரிப்பதை அமீபா நிறுத்திவிட்டது. உள்ளிருக்கும் பாக்டீரியா தயாரிப்பதையே நம்பியிருந்தது.

இதை ஒத்துழைப்பு என்று சொல்வீர்களா, தோழர்களே? பல்லாயிரம் அமீபாக்களின் பிணங்களின்மீது எழுந்த உறவு இது. மோதல் என்று மட்டும் சொல்வீர்களா? அதுவும் பொருந்தாது. மோதலே ஒரு கட்டத்தில் பிரிக்க முடியாத பிணைப்பாக உருமாறியது. நீர் கொதிப்பதைவிட இது நல்ல எடுத்துக்காட்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய உறவுகளை விஞ்ஞானம் எப்படிக் கண்டுகொண்டது என்பதைச் சற்றுப் பார்ப்போம். உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே அதற்கான சான்று இருக்கலாம். கறிக்குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியைச் சொல்கிறேன். பெயரில் பாசி இருந்தாலும் அது வெறும் பாசியன்று. ஒரு பூஞ்சையும் ஒருசெல் பாசியும் பின்னிப் பிணைந்து ஓருயிர்போல் வாழும் லைக்கன் வகை. இவ்வகை உயிர்கள் இரண்டு உயிர்களின் சேர்க்கையே என்று 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்வென்டனர் கூறினார். அவர் கையாண்ட உவமையைக் கவனியுங்கள்: பூஞ்சை எஜமானன், பச்சைப் பாசிகள் அவன் சிறைப்பிடித்து வேலை வாங்கும் அடிமைகள். 1878இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி, வேறுபட்ட உயிரினங்கள் சேர்ந்து வாழ்வதற்குப் பொதுவாக ஒரு சொல்லை முன்வைத்தார். நாம் கூட்டுவாழ்வு என்று தமிழில் வழங்குவது அச்சொல்லைத்தான். அதில் எஜமானனும் இல்லை, அடிமையும் இல்லை. நன்மையா தீமையா என்ற தீர்ப்பும் இல்லை. ஒட்டுண்ணி வாழ்வும் அதற்குள் அடக்கம். அதே காலத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் பெனெடென், விலங்குகளின் உறவுகளுக்குப் பரஸ்பர உதவி என்ற பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்தினார். பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தங்கள் பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கு ஏற்கெனவே வழங்கிவந்த சொல் அது. சமுதாயத்திலிருந்து சொற்கள் விஞ்ஞானத்துக்குள் நுழைவதும், பின்னர் இயற்கையின் முத்திரையோடு சமுதாயத்துக்கே திரும்பி வருவதும் அன்றே தொடங்கிவிட்டன.

1883இல் ஷிம்பர் என்ற தாவரவியலாளர் மற்றொன்றைக் கவனித்தார். இலைகளின் பச்சை நிறத்துக்குக் காரணமான பசுங்கணிகங்களைச் செல் புதிதாக உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள பசுங்கணிகம் இரண்டாகப் பிளந்தே அடுத்தது தோன்றுகிறது. அப்படியானால் அது செல்லின் உறுப்பா, செல்லுக்குள் வாழும் தனி உயிரா? ரஷ்யாவில் ஃபாமின்ட்சின் பசுங்கணிகங்களைச் செல்லுக்கு வெளியே எடுத்து வளர்க்க முயன்றார்; இயலவில்லை. 1905இல் மெரெஷ்கோவ்ஸ்கி, பசுங்கணிகங்கள் என்றோ செல்லுக்குள் புகுந்த நீலப்பச்சைப் பாசிகளின் வழித்தோன்றல்களே என்று துணிந்து எழுதினார். கூட்டுவாழ்வினாலேயே புதிய உயிரினம் பிறக்கிறது என்ற கோட்பாட்டுக்குப் பெயரும் சூட்டினார்.

இந்த மெரெஷ்கோவ்ஸ்கி யார் என்று தெரிந்தால் நமது அவசரத் தோழர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அவர் முற்போக்காளர் அல்லர். கசான் நகரில் ஜாரிஸ்டு பிற்போக்குவாதிகளோடும் யூத வெறுப்பு இயக்கத்தோடும் சேர்ந்து நின்றவர். செல்லுக்குள் கூட்டுவாழ்வைக் கண்டவர் மனிதருக்குள் அதைக் காணவில்லை. ஒரு விஞ்ஞானக் கருத்தின் உண்மையை அதைச் சொன்னவரின் அரசியலைக் கொண்டு அளக்க முடியாது. அக்கருத்தைப் பரிணாமக் கோட்பாட்டோடும் இயற்கைத் தேர்வோடும் முறையாக இணைத்து ஒரு நூலாகவே எழுதியவர் சோவியத் யூனியனின் வொரோனெஷ் நகரைச் சேர்ந்த தாவரவியலாளர் கோசோ-பொல்யான்ஸ்கி, ஆண்டு 1924. அந்நூல் ஆங்கிலத்தில் வர 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1927இல் அமெரிக்காவில் ஐவன் வாலின் இதே திசையில் எழுதினார். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே வளர்த்துக் காட்டியதாகவும் கூறினார். அவர் வளர்த்தவை வெளியிலிருந்து கலந்த பாக்டீரியாக்களாகவே இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் எண்ணினர். அத்தோடு அக்கருத்தும் பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டது.

அதை மீட்டவர் லின் மார்குலிஸ். 1967இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அதற்கு முன் ஏறத்தாழ 15 ஏடுகளால் திருப்பி அனுப்பப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்பதற்கு அவர் பல துறைச் சான்றுகளை ஒன்றுதிரட்டினார். 1962இல் பசுங்கணிகத்திலும் 1963இல் மைட்டோகாண்ட்ரியாவிலும் தனி டிஎன்ஏ இருப்பது காணப்பட்டிருந்தது. உட்கருவில் மட்டுமே இருக்க வேண்டிய மரபுப் பொருள் இந்த உறுப்புகளுக்கு எதற்கு? அதன் பின் 1970களில் ரைபோசோம் ஆர்என்ஏவின் வரிசையை ஒப்பிடும் முறை வந்தபோது வழக்குத் தீர்ந்தது. பசுங்கணிகத்தின் வரிசை நீலப்பச்சைப் பாசிகளோடும், மைட்டோகாண்ட்ரியாவின் வரிசை வேறொரு பாக்டீரியக் குடும்பத்தோடும் பொருந்தியது. இரண்டுமே தாம் குடியிருக்கும் செல்லின் உட்கருவோடு பொருந்தவில்லை.

மார்குலிஸ் சொன்ன அனைத்தும் சரியாகிவிடவில்லை. செல்லின் சாட்டை இழைகளும் சுருள் பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்றார்; அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் எய்ட்ஸ் நோய்க்கு எச்ஐவி காரணமா என்பதையே ஐயுற்றார். அது தவறு மட்டுமன்று, நோயாளிகளுக்கு ஆபத்தான தவறு. எல்லோரும் மறுத்தபோது சரியாக இருந்தவர், எல்லோரும் மறுப்பதாலேயே தாம் சரி என்று எண்ணத் தொடங்கினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்போது நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசிகள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. அன்றிருந்த பல உயிர்களுக்கு அது நஞ்சு. அதைப் பயன்படுத்தி ஆற்றல் பெறக் கற்ற பாக்டீரியாக்களும் தோன்றின. 150 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒன்று, ஆர்க்கியா என்னும் வேறொரு பிரிவைச் சேர்ந்த செல்லுக்குள் நிலையாகத் தங்கியது. விழுங்கப்பட்டுச் செரிக்கப்படாமல் தங்கியதா, உண்ண நுழைந்து தங்கியதா, அருகருகே வாழ்ந்து மெல்ல உள்ளே இழுக்கப்பட்டதா என்பதில் இன்றும் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓம்புயிராக இருந்த செல்லின் உறவினர்களை 2015இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றின் டிஎன்ஏவிலிருந்து அடையாளம் கண்டனர். ஜப்பானிய விஞ்ஞானிகள் அவற்றில் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்து 2020இல் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் செலவிட்டது 12 ஆண்டுகள். அந்தச் செல் தனியே வாழ்வதில்லை. வேறொரு நுண்ணுயிரியோடு உணவைப் பரிமாறிக்கொண்டே வாழ்கிறது. அதன் உடலிலிருந்து கிளைகள்போல நீட்சிகள் புறப்படுகின்றன. குடியேற்றம் எப்படித் தொடங்கியிருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

உள்ளே வந்த பாக்டீரியாவுக்கு என்ன நேர்ந்தது? அதன் மரபணுக்களில் பெரும்பாலானவை தொலைந்தன. பல ஓம்புயிரின் உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதும் 1981இல் படிக்கப்பட்டது. அதில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றுள் புரதத்துக்கானவை வெறும் 13. மைட்டோகாண்ட்ரியா இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். மீதி அனைத்தும் உட்கருவின் கட்டளைப்படி வெளியே தயாராகி உள்ளே வருகின்றன. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்ட உயிர், இன்று பிறர் அனுப்புவதை எதிர்பார்த்து நிற்கிறது. ஓம்புயிரோ அதன் ஆற்றல் இல்லாமல் ஒரு நிமிடமும் வாழாது. உங்கள் ஒவ்வொரு மூச்சும் அந்தப் பழைய குடியேறிக்காகத்தான்.

இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. டைஃபஸ் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 1998இல் படித்தபோது, மைட்டோகாண்ட்ரியாவோடு அதற்குள்ள உறவுமுறை வெளிப்பட்டது. அதுவும் செல்லுக்குள் மட்டுமே வாழ்வது, அதுவும் மரபணுக்களை இழந்துகொண்டே வந்திருப்பது. உள்நாட்டுப் போர்க்கால ரஷ்யாவில் பேன்கள் பரப்பிய டைஃபஸ் பெருந்தொகையான மக்களை மாய்த்தது. 1919 டிசம்பரில் சோவியத்துகளின் ஏழாவது காங்கிரசில் பேன்களைப் பற்றி லெனின் பேச நேர்ந்தது அதனால்தான். ஒரே குலத்தின் ஒரு கிளை நமக்குள் உயிர்மூச்சாக இருக்கிறது. மற்றொரு கிளை கொல்லும் நோயாக இருக்கிறது.

மருத்துவத் துறையில் பணியாற்றும் தோழர்களுக்கு இன்னொன்று. பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் மருந்துகள் சில மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் தொடுகின்றன. பழைய உறவு அங்கே வெளிப்படுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளால் சிலருக்குக் காது கேளாமல் போகிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகம். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால், தாய்வழி உறவினர் எவருக்கேனும் இவ்வூசிகளால் செவி பாதிக்கப்பட்டதுண்டா என்று முன்கூட்டியே கேட்பது அவசியம்.

மலேரியாவையும் எடுத்துக்கொள்வோம். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் கண்ட அந்த ஒட்டுண்ணி ஒருசெல் உயிரி. அதற்குள் நான்கு சவ்வுகள் சூழ்ந்த ஒரு சிறு உறுப்பு இருப்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1990களில் விடை கிடைத்தது: அது நிறமிழந்த பசுங்கணிகம்! மனித இரத்தத்தில் ஒளியின்றி வாழும் ஒட்டுண்ணிக்குள் ஒளிச்சேர்க்கை உறுப்பின் எச்சம். அதன் மூதாதை ஒரு செம்பாசியைத் தனக்குள் ஏற்றது. அந்தச் செம்பாசிக்குள்ளோ ஏற்கெனவே நீலப்பச்சைப் பாசி இருந்தது. செல்லுக்குள் செல், அதற்குள் செல். ஒளிச்சேர்க்கை மறைந்துவிட்டாலும் ஒட்டுண்ணிக்கு இன்றியமையாத சில வேதிப்பொருள்கள் இன்றும் அந்த உறுப்பில்தான் தயாராகின்றன. டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரிய எதிர்ப்பு மருந்து மலேரியாவைத் தடுக்கப் பயன்படுவதன் மறைபொருள் இதுவே.

கூட்டாகவே பரிணமிப்பது என்றால் என்ன என்பதற்குக் கறையானை எடுத்துக்காட்டலாம். புற்றுக்கட்டும் கறையான்களை நான் குறிப்பிடவில்லை. அவற்றில் பல பூஞ்சையைப் பயிரிட்டு உண்பவை. கதவுச் சட்டத்தையும் கூரை மரத்தையும் அரிக்கும் வகைகளில் பலவற்றின் குடலில் மரநாரைச் செரிக்கும் ஒருசெல் உயிரிகள் வாழ்கின்றன. அந்த ஒருசெல் உயிரிக்குள் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவது அந்த பாக்டீரியாக்களே. கறையானின் வம்சாவளி, குடல் உயிரியின் வம்சாவளி, உள்ளிருக்கும் பாக்டீரியாவின் வம்சாவளி என மூன்றையும் மரபணுக்களைக் கொண்டு தனித்தனியே வரைந்து ஒப்பிட்டார்கள். மூன்று மரங்களும் பெரும்பாலும் ஒரே இடங்களில் கிளைத்திருந்தன. கறையான் இனம் இரண்டாகப் பிரிந்தபோது குடியிருந்தவையும் பிரிந்தன. இளங்கறையான் மூத்த கறையானின் கழிவிலிருந்தே இந்த உயிரிகளைப் பெறுகிறது. கூட்டம் கலைந்தால் செரிமானமும் இல்லை.

இங்கே நமது அவசரத் தோழர் எழுந்து நிற்பார்: பாருங்கள், மூவரும் பயன்பெறுகிறார்கள்! அவருக்காக ஒரு குளத்து உயிரியைக் கொண்டுவந்திருக்கிறேன். பாரமீசியத்தில் ஒரு வகை பச்சை நிறமானது. அதன் செல்லுக்குள் குளோரெல்லா வகைப் பாசிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பாசி சர்க்கரை தருகிறது, பாரமீசியம் நைட்ரஜன் தருகிறது. இதுவே பாடநூல்களில் காலங்காலமாக வரும் நல்லுறவு. 2016இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இதை அளந்து பார்த்தார்கள். ஒளியின் அளவுக்கேற்ப, தன் ஆதாயம் குறையாதபடி, உள்ளிருக்கும் பாசிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் பாரமீசியமே என்று கண்டார்கள். பாசிகளோ, வெளியே தனியாக இருந்தால் இன்னும் நன்றாகவே வளர்ந்திருக்கும். அதாவது உறவின் பலன் ஒரு தரப்புக்கு, உழைப்பு மறுதரப்புக்கு. ஸ்வென்டனரின் எஜமானனும் அடிமையும் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் அந்த உவமையையும் நான் ஏற்கமாட்டேன். பாசிக்கு விருப்பமும் இல்லை, விடுதலை வேட்கையும் இல்லை, சங்கமும் இல்லை. சுரண்டல் என்று நாம் சொல்லும்போது குறிப்பது வரலாற்றில் தோன்றிய மனித உறவை; அச்சொல்லைக் குளத்துக்குள் வீசினால் குளமும் விளங்காது, சுரண்டலும் விளங்காது.

பாரமீசியத்தின் மற்றொரு வகையில் கப்பா என்று பெயரிடப்பட்ட துகள்கள் உண்டு. அவற்றைத் தாங்கிய பாரமீசியம் வெளியிடும் நஞ்சால் மற்ற பாரமீசியங்கள் மடியும்; தாங்கியது மட்டும் மடியாது. அமெரிக்க மரபியலாளர் சான்பார்ன் இதை ஆராய்ந்தபோது, உட்கருவுக்கு வெளியேயும் மரபு கடத்தப்படுகிறது என்பதற்கான எடுத்துக்காட்டாகக் கருதினார். அது பனிப்போர்க் காலம். சோவியத் யூனியனில் 1948இல் லைசென்கோவின் கொள்கை அதிகார பலத்தால் நிலைநாட்டப்பட்டிருந்தது. வாவிலோவ் போன்ற மாபெரும் விஞ்ஞானி 1943இல் சிறையிலேயே மாண்டிருந்தார். கப்பா லைசென்கோவுக்குச் சாதகமான சான்று என்று பேச்சு எழுந்தது. சான்பார்ன் அதை மறுத்து எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் கப்பா என்பது செல்லுக்குள் வாழும் பாக்டீரியா என்று தெரிந்தது. எந்தத் தரப்பும் தனக்குச் சாதகமென நம்பியபடி அது இருக்கவில்லை. லைசென்கோ விவகாரத்தில் நமது இயக்கம் கொடுத்த விலை பெரிது. இயற்கை என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு அதனிடம் போகக் கூடாது என்பதை நாம் அங்கே கற்றோம்.

உண்மையில் எங்கெல்சு இதை அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லியிருந்தார். 1875 நவம்பரில் லாவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில், வாழ்க்கைப் போராட்டம் பற்றிய வாதத்தின் பயணத்தை அவர் அம்பலப்படுத்தினார். ஹாப்ஸின் கோட்பாடும் முதலாளித்துவப் போட்டியும் மால்தஸின் மக்கள்தொகைக் கொள்கையும் முதலில் சமுதாயத்திலிருந்து இயற்கைக்குக் கொண்டுபோகப்பட்டன. பிறகு அதே சரக்கு மனித சமுதாயத்தின் நிரந்தர விதியென இயற்கையிலிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டது. இவ்வளவு நாம் அடிக்கடி சொல்வதே. அக்கடிதத்தின் மறுபாதியை நாம் சொல்வதில்லை. டார்வினுக்கு முன் எங்கும் இசைவையே கண்டவர்கள், அவருக்குப் பின் எங்கும் போராட்டத்தையே காண்கிறார்கள். இரண்டுமே ஒருதலைப்பட்சம் என்கிறார் எங்கெல்சு. இயற்கையில் இசைவும் உண்டு, மோதலும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. 1902இல் குரோப்பாட்கின் எழுதிய பரஸ்பர உதவி பற்றிய நூல், ஹக்ஸ்லியின் இரத்தக்களரிச் சித்திரத்துக்கு நல்ல எதிர்வினைதான். ஆனாலும் எங்கெல்சின் பார்வையில் அது எதிர்ப்பக்கத்து ஒருதலைப்பட்சம். ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலின் 1940ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் ஹால்டேன். பின்னர் கல்கத்தாவிலும் புவனேஸ்வரத்திலும் வாழ்ந்து நம் நாட்டிலேயே 1964இல் மறைந்தவர். காலத்தால் பழசாகிவிட்ட விஞ்ஞானச் செய்திகளும் அந்நூலில் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. நூலை மதிப்பதற்கு அதுவே சரியான வழி.

இந்தியாவில் இதைப் பேசுவதற்குக் கூடுதல் அவசரம் உண்டு. டார்வினின் கோட்பாடு விஞ்ஞான ரீதியில் தவறு என்று 2018 ஜனவரியில் ஒன்றிய மனிதவளத் துறை இணை அமைச்சர் ஒருவரே பேசினார். 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘மரபுவழி’ என்று சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் மாணவரே நம் நாட்டில் பெரும்பான்மை. மலேரியா ஒட்டுண்ணிக்குள் பசுங்கணிகம் எப்படி வந்தது என்பதை, பரிணாமம் என்ற சொல் இல்லாமல் அவர்களுக்கு எந்த ஆசிரியர் விளக்குவார்?

கடைசியாக மிகப் புதிய செய்தி. நெல்லும் கோதுமையும் காற்றிலுள்ள நைட்ரஜனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. விலங்கோ, தாவரமோ, பூஞ்சையோ தன் செல்லுறுப்பால் அதைச் செய்வதில்லை, பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டுமே செய்யும் என்பதுதான் நேற்றுவரை பாடம். அதனால்தான் யூரியா தொழிற்சாலை, அதனால்தான் இறக்குமதி, அதனால்தான் உர விலை உயரும்போதெல்லாம் விவசாயிகளின் போராட்டம். 1998இல் அமெரிக்க விஞ்ஞானி ஜொனாதன் ஸேர், பசிபிக் கடல் நீரில் நைட்ரஜனைப் பிடிக்கும் ஏதோ ஒன்றின் மரபணுத் துண்டைக் கண்டார். அது நீலப்பச்சைப் பாசியின் உறவினர். ஆனால் ஒளிச்சேர்க்கையின் ஆக்சிஜன் வெளியிடும் பகுதியையே இழந்திருந்தது. பிராருடோஸ்பேரா என்ற ஒருசெல் கடற்பாசிக்குள் வாழ்ந்தது. 2024 ஏப்ரலில் முடிவு வெளியானது: பாசி பிளக்கும் நேரத்தில் ஒத்திசைவோடு இதுவும் பிளக்கிறது, தனக்கு வேண்டிய புரதங்களில் ஒரு பகுதியைப் பாசியிடமிருந்து பெறுகிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளாக உள்ளே இருக்கும் இது, உயிரி என்ற நிலையைக் கடந்து உறுப்பாகிவிட்டது என்று அவர்கள் அறிவித்தார்கள். நைட்ரோபிளாஸ்ட் என்பது பெயர். மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஏற்கெனவே உள்ள ஒரு செல்லில் இது மூன்றாவது குடியேற்றம்.

இதைப் பயிர்ச் செல்லுக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி உடனே எழுந்துவிட்டது. எளிதன்று, 10 கோடி ஆண்டு உறவை ஆய்வகத்தில் ஒரு பருவத்தில் உண்டாக்க முடியாது. ஆனால் ஒரு நாள் முடிந்தால், அந்த விதை எவருடைய உடைமையாக இருக்கும் என்பது உயிரியல் கேள்வியன்று; அதை நாம்தான் இப்போதிருந்தே கேட்க வேண்டும். அந்தக் கடற்பாசியை ஆய்வகத்தில் வளர்க்கக் கற்றவர் ஜப்பானின் கொச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோக்கோ ஹகினோ. பத்தாண்டுகளுக்கும் மேலாக, 300 முறைக்கு மேல் கடலுக்குச் சென்று நீர் எடுத்துவந்து, அதன் பிறகே அதை வளர்த்தெடுத்தார். அவர் வளர்த்த அந்தச் செல்கள் இல்லாமல் 2024ஆம் ஆண்டின் ஆய்வு நடந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.